பட்ட மரத்தை நம்பி வாழும் வண்டுகள்

உக்கிய தென்னங்குற்றிகளை வளவில் விட்டு வைக்காதீர்கள் என்று நான் வசிக்கும் வத்தளையில் பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் காண்டாமிருக வண்டு. அதன் புழுக்கள் உக்கிய குற்றியைத் தின்று வளர்கின்றன. வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைத் துளைக்கிறது. இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட இறப்பர் கன்றுகளுடன் 1909இல் சமோவாவை அடைந்த இவ்வண்டு, பசுபிக் தீவுகளின் தென்னைகளுக்கும் பகையானது.

ஆனால் பட்ட மரத்தில் வாழும் வண்டுகள் பெரும்பாலானவை யாருக்கும் கேடு செய்வதில்லை. சிங்கராஜ வனம் போன்ற மழைக்காட்டில் மரமொன்று விழுந்தால், அவை முறைவைத்து வருகின்றன. ஈரம் காயுமுன் பட்டை வண்டுகளும் நீள்கொம்பு வண்டுகளும் வரும். அம்புரோசியா வண்டுகள் மரத்தைத் துளைத்து, துளைக்குள் பூஞ்சை வளர்த்து உண்ணும். மரம் மெத்தென்று உக்கியதும் மான்கொம்பு வண்டுகளின் புழுக்கள் குடியேறும். பசாலிட் வண்டுகளோ குற்றிக்குள் குஞ்சுகுருமானோடு குடும்பமாக வாழ்ந்து, ஒலியெழுப்பித் தொடர்பாடும். இவற்றின் உழைப்பில் மரம் மீண்டும் மண்ணாகிறது.

பின்லாந்தின் காட்டு உயிரினங்களில் 20 முதல் 25 வீதமானவை பட்ட மரத்தைச் சார்ந்தவை என மதிப்பிடப்பட்டுள்ளது. அங்கு விழுந்த மரங்களை அகற்றியதால் பல இனங்கள் அருகிவிட்டன.

தென்னந்தோட்டத்துக் குற்றியை அகற்றுவது முறைதான். காட்டில் விழுந்த மரமோ குப்பையல்ல. அது பல உயிர்களின் வீடு.