செக்ரோலும் பூட்டும்

நம்ம தோட்டங்களில் 'பேர்' என்றால் வெறும் பெயர் இல்லை, ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைஞ்சா 'அரைப்பேர் போட்டுட்டாங்க' என்று அம்மாமார் சொல்வதைக் கேட்டே வளர்ந்தோம். அந்தப் பேர் விழும் இடம் செக்ரோல். புத்தகம் ஒன்று, ஒருவர் கையில் இருக்கும்போது இன்னொருவர் எழுத முடியாது. அதுவே அதற்குப் பூட்டு.

அதே கணக்கைக் கணினியில் பலர் பகிர்ந்தால் அந்தப் பூட்டு இல்லை. இருவர் ஒரே பதிவைத் திறந்து திருத்தினால், கடைசியாக சேவ் பண்ணினவருடையதே மிஞ்சும். முதலாமவர் போட்ட பேர் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

1976இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் ஈஸ்வரன், கிரே, லோரி, டிரைகர் இதற்கு விதி வகுத்தார்கள்: தேவையானதை எல்லாம் பூட்டு, ஒன்றைத் திறந்துவிட்ட பிறகு புதிதாக எதையும் பூட்டாதே.

பிறகு வந்த மைக்ரோசாஃப்ட் அக்சஸ், கோப்பைத் திறந்ததும் பக்கத்திலேயே ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கும். உள்ளே இருக்கும் கணினிகளின் பெயர் அதில் இருக்கும். கடைசி ஆள் வெளியேறினதும் அது அழியும். நடுவில் கரண்ட் போனால் அப்படியே கிடந்து, சிலநேரம் அடுத்தவரை உள்ளே விடாது. அந்த ஃபோல்டரில் கோப்பு உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி இல்லாவிட்டாலும் இதே தொல்லைதான்.

தீர்வு லேசு: எல்லாரும் வெளியேறணும், ஒரு பிரதி எடுக்கணும், அதன்பிறகே பூட்டுக் கோப்பை அழிக்கணும். சம்பள நாள் அவசரத்தில் இதைத் தாண்டினால் நட்டம் கணினிக்கு இல்லை. 'சிஸ்டத்தில் இல்லை' என்று ஒரு பேரை வெட்டினால், கடைசியாக அந்த வரியைத் திருத்தினது யார் என்று நாம் கேட்கணும்.