நெகட்டிவ் தந்த பாதுகாப்பு

2013 ஜனவரியில் பெங்களூரு ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு நிலத்தில் வாழ்ந்த மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. அந்நாள்களில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகள். சான்றாக நிற்கும் படத்தில், நிழலில் மறைந்த முகத்தை வெளிச்சமாக்கலாமா, வெயிலில் வெளிறிய வானத்தைக் கருமையாக்கலாமா? இவ்வினா கணினிக்கு முந்தையது.

இருட்டறையில் என்லார்ஜரின் ஒளி நெகட்டிவ் வழியே தாளில் விழும்போது, கம்பியில் பொருத்திய சிறு அட்டையால் ஒரு பகுதியைச் சில நொடிகள் மறைத்தால் அப்பகுதி வெளுக்கும், இது டாட்ஜிங். துளையிட்ட அட்டை வழியே ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி தந்தால் அது கருக்கும், இது பர்னிங். பெங்களூருவில் வாழ்ந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) போன்றோர் தேர்ச்சி பெற்றிருந்த கருப்பு-வெள்ளை அச்சாக்கத்தின் அடிப்படை இதுவே. அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அச்சுப்படத்தை அதன் நிகழ்த்துதலுக்கும் ஒப்பிட்டார். மாறுவது தாள் மட்டுமே. நெகட்டிவ் அப்படியே இருக்கும். ஸ்டூடியோக்களில் நெகட்டிவையே கத்தியால் சுரண்டித் திருத்தும் வழக்கமும் இருந்தது. அங்கே இழந்தது மீளாது.

கணினி முதலில் இந்த இரண்டாம் மரபையே பின்பற்றியது. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பின் தொடக்கப் பதிப்புகளில் லேயர் வசதி இல்லை. திருத்தம் பிக்சல்களின் மீதே நிகழ்ந்தது. பின்னர் இடம்பெற்ற டாட்ஜ், பர்ன் கருவிகள் இருட்டறையின் பெயர்களை ஏற்றன; அதன் பாதுகாப்பை ஏற்கவில்லை. 1994இல் லேயர்களும் 1996இல் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களும் வந்த பின்னரே மூலத்தைத் தொடாமல் திருத்தும் வழி திறந்தது. 50 விழுக்காடு சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை ஓவர்லே முறையில் வைத்து, வெள்ளை தீட்டினால் கீழுள்ள படம் வெளுக்கும். கருப்பு தீட்டினால் கருக்கும். மீண்டும் சாம்பல் தீட்டினால் பழைய நிலை திரும்பும். 2007இல் வந்த லைட்ரூம், ரா கோப்பை மாற்றாமல் திருத்தங்களைக் கட்டளைகளாக மட்டும் சேமித்தது.

இவ்வேறுபாட்டின் மதிப்பு அதே 2013ஆம் ஆண்டிலேயே சோதிக்கப்பட்டது. பால் ஹேன்சன் எடுத்த காசா இறுதி ஊர்வலப் படம் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவின் ஆண்டுச் சிறந்த படமாகத் தேர்வாயிற்று. அது பல படங்களின் ஒட்டு என்ற குற்றச்சாட்டு எழவே, வல்லுநர்கள் அதனை ரா கோப்புடன் ஒப்பிட்டனர். சில பகுதிகளின் ஒளியும் நிழலும் மாற்றப்பட்டுள்ளன. ஒட்டு வேலை எதுவுமில்லை என்று முடிவு கூறினர். மூலக்கோப்பு இல்லையேல் அம்முடிவு எளிதன்று.

நெகட்டிவ் மூலத்தைக் காத்தது. அச்சிட்டவரின் கையசைவைப் பதியவில்லை. லேயர்களுள்ள கோப்பு இரண்டையும் காக்கிறது. ஆனால் பொதுவெளியில் உலவுவது பெரும்பாலும் லேயர்கள் நீங்கிய ஜேபெக் படமே. அதில் மூலமும் இல்லை, திருத்தத்தின் தடமும் இல்லை. ஈஜிபுரா போன்ற இடங்களின் படங்களைத் திரட்டும் ஆவணக்காப்பாளர் ரா கோப்பையும் லேயர் கோப்பையும் சேர்த்தே கேட்டுப் பெற வேண்டும். வீடிழந்தோரின் சான்று ஐயத்திற்கு உள்ளாகும் நாளில் துணைநிற்பவை அவையே.