சரக்கு ரயில் நின்றால் பயணிக்கு என்ன?



நம் நாட்டில் புகையிரதப் பணிப்பகிஷ்கரிப்பு என்றால் விளக்கமே தேவையில்லை. தண்டவாளம், சமிக்ஞை, சாரதி எல்லாம் ஒரே திணைக்களம். அலுவலக ரயிலும் நிற்கும், எண்ணெய் ரயிலும் நிற்கும். அமெரிக்காவில் கதை வேறு. 2022 செப்டெம்பரில் அங்கே முரண்பட்டு நின்றவர்கள் சரக்கு ரயில் கம்பனிகளும் அவற்றின் ஊழியர்களும்தான். ஆனால் வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே பயணிகள் ரயில்கள் ரத்தாகிவிட்டன.

காரணத்தைப் பழைய வரலாற்றில்தான் தேட வேண்டும். முன்பு அதே தனியார் கம்பனிகளே ஆட்களையும் ஏற்றின, சரக்கையும் ஏற்றின. 1946 மே 23இல் சாரதிகளின் சங்கமும் ரயில் பணியாளர் சங்கமும் வேலையை விட்டபோது நாடு முழுவதும் இரண்டும் சேர்ந்தே நின்றன. ஊழியர்களை இராணுவத்தில் சேர்க்க அதிகாரம் கேட்டு ஜனாதிபதி ட்ரூமன் 25ஆம் திகதி காங்கிரஸில் பேசிக்கொண்டிருக்கும்போதே, பிணக்குத் தீர்ந்தது என்ற துண்டுச் சீட்டு அவர் கைக்கு வந்தது.

பிறகு காரும் விமானமும் பெருகின. பயணிகள் ரயிலால் கம்பனிகளுக்கு நட்டம். 1971 மே முதலாம் திகதி அந்தச் சுமையை அரசு உருவாக்கிய ஆம்ட்ராக் ஏற்றுக்கொண்டது. ரயில் கைமாறியது, தண்டவாளம் கைமாறவில்லை. வொஷிங்டன் முதல் பொஸ்டன் வரையான வடகிழக்குப் பாதையின் பெரும்பகுதி பின்னர் ஆம்ட்ராக்குக்குச் சொந்தமானது. மற்ற இடங்களில் பெரும்பாலும் சரக்குக் கம்பனியின் பாதையில்தான் அது இன்றும் ஓடுகிறது. சமிக்ஞையையும் போக்குவரத்தையும் பார்ப்பவர்கள் அந்தக் கம்பனியின் ஆட்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் ஆம்ட்ராக் சாரதி வேலைக்கு வந்தும் பயனில்லை.

1992 ஜூனில் இது கண்முன்னே நடந்தது. ஒரு கம்பனியில் வேலைநிறுத்தம். மற்றக் கம்பனிகள் தாமாகவே கதவை மூடின. வடகிழக்குக்கு வெளியே பயணிகள் தவித்தார்கள். இரண்டே நாளில் காங்கிரஸ் சட்டம் போட்டு முடித்தது.

2022இல் கெடு செப்டெம்பர் 16 நள்ளிரவு. சிகாகோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் போக ஏறக்குறைய இரண்டு நாள். 14ஆம் திகதி புறப்படும் ரயில் கெடு முடியும் நேரம் பாலைவனத்தில் நிற்கக்கூடும். அதனால்தான் சில நெடுந்தூர ரயில்களை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 15 முதல் எல்லா நெடுந்தூர ரயில்களும் ரத்து என்றும் அறிவித்தார்கள். தினமும் வேலைக்குப் போவோரும் தப்பவில்லை. சிகாகோவின் மெட்ரா சேவையில் சில பாதைகளின் ரயில்களைச் சரக்குக் கம்பனி ஊழியர்களே ஓட்டினார்கள்.

15ஆம் திகதி அதிகாலை தற்காலிக உடன்பாடு வந்தது. ஊழியர்கள் முக்கியமாகக் கேட்டது என்ன தெரியுமா? சம்பளத்துடன் சுகவீன விடுமுறை. நிலையத்தில் நின்று வேலைநிறுத்தக்காரரைத் திட்டுவது நமக்கெல்லாம் சுலபம், காய்ச்சலோடு ரயில் ஓட்டுபவரை நாம் காண்பதில்லை. 12 சங்கங்களில் 4 அந்த உடன்பாட்டை நிராகரித்தன. ஏழு நாள் விடுமுறைக்கு செனட்டில் 52 வாக்குகள் கிடைத்தன, தேவைப்பட்டவை 60. டிசம்பர் 2இல் ஜனாதிபதி பைடன், அந்த விடுமுறை இல்லாமலே உடன்பாட்டைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டார். பயணிகள் ரயில்கள் வழக்கம்போல ஓடின. 2023இல்தான் சில கம்பனிகள் ஒவ்வொரு சங்கத்துடனும் தனித்தனியாகப் பேசி, சில நாள் சுகவீன விடுமுறை கொடுக்கத் தொடங்கின.