பிரெஞ்சு கத்துக்கப் பிரான்ஸ் போகணுமா? நயினியப்பர் வழக்கிலிருந்து சில குறிப்புகள்

மார்ச் மாதம் பிறந்தாலே கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும். கோடை விடுமுறையில் பிரான்சில் இன்டர்ன்ஷிப், பிரெஞ்சு படிக்கும் மாணவர்களுக்கு முன்னுரிமை. கீழே வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான். விசா கிடைக்குமா, எத்தனை யூரோ குடுப்பாங்க, ஏ2 போதுமா, பி1 வேணுமா. நியாயமான கேள்விகள்தான், செலவாகப் போறது அப்பா அம்மா காசு. ஆனா பகல்ல கோடு எழுதிட்டு ராத்திரி பழைய வரலாற்றைக் கிளறுகிற ஆளுக்கு வேற மூணு கேள்வி வருது. ஒரு மொழியைக் கத்துக்க அந்த மொழி பேசுற ஊருக்கே போகணும்ங்கிற யோசனை எப்போ வந்தது? யார் காசுல போனாங்க? போனவங்க என்ன கொண்டு வந்தாங்க?

இதுக்கு விடை தேடப் பாரிஸ் வரைக்கும் போக வேண்டாம். வேங்கிக்காலில் இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம். புதுச்சேரியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மொழி தெரியாததற்குக் கொடுத்த விலை

1708 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர் நயினியப்பப் பிள்ளை. சரக்கு, கடன், நெசவாளர், சிற்றரசர் என்று எல்லாவற்றுக்கும் கம்பெனிக்கு அவர்தான் கை. ஆனால் அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அன்றைக்குத் துறைமுக வியாபாரம் போர்த்துகீசிய மொழியில் ஓடியது. அது அவருக்கு நன்றாகவே வரும். வியாபாரத்துக்கு அது போதும்.

நீதிமன்றத்துக்குப் போதவில்லை. 1716-இல் கவர்னர் எபேர் காலத்தில் அவர் கைது செய்யப்பட்டார். இயேசு சபைப் பாதிரிமாருக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. விசாரணை ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாக நடந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் மனுவேல், இயேசு சபையின் தலைமை உபதேசியாருடைய மகன். எதிர்த்தரப்பு வீட்டுப் பிள்ளையின் வாய் வழியாகத்தான் இவருடைய பதில் நீதிபதிகளின் காதுக்குப் போகணும். எழுதி வைத்த பிரெஞ்சுக் காகிதத்தில் தான் சொன்னதுதான் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க இவருக்கு வழியில்லை. தீர்ப்பு: பொது இடத்தில் ஐம்பது கசையடி, சிறை, அபராதம், நாடுகடத்தல். 1717-இல் அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

அவருடைய மூத்த மகன் குருவப்பா தப்பிச் சென்னைக்குப் போனார். அங்கிருந்து இங்கிலாந்து, அங்கிருந்து பிரான்ஸ். அப்போது அரசர் பதினைந்தாம் லூயி சிறுவன். அவர் பெயரில் ஆட்சி நடத்தியவர் ஓர்லியான் கோமகன் பிலிப். அப்பாவுக்கு எதிரான தீர்ப்பு பிரான்சில் ரத்தானது. குருவப்பா ஞானஸ்நானம் பெற்று ஷார்ல் பிலிப் லூயி ஆனார், செயின்ட் மிஷேல் வீரர் அணியில் 'செவாலியர்' பட்டமும் கிடைத்தது. 1722-இல் புதுச்சேரி திரும்பி அப்பா இருந்த அதே தலைமைத் தரகர் பதவியில் உட்கார்ந்தார். ரெண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை, 1724-இல் இறந்துவிட்டார்.

குருவப்பா மாணவர் இல்லை. மொழி படிக்கவும் போகலை, நியாயம் கேட்கப் போனார். ஆனா ஒண்ணு கவனிங்க. புதுச்சேரியில் மொழிபெயர்ப்பாளர் கையில் சிக்கிக்கிட்ட ஒரு குடும்பம், அந்த மொழி எங்கே இருந்து உத்தரவு போடுதோ அந்த இடத்துக்கே நேரா போன பிறகுதான் ஜெயிச்சது. அடுத்த தலைமுறையில் இதே குடும்பத்து உறவினர் ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியானார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குத் தெரியும். அவர் பிரான்ஸ் போனதில்லை. ஆனா மொழிபெயர்ப்பைக் கையில வச்சிருக்கிறவன்தான் அதிகாரத்தைக் கையில வச்சிருக்கான்ங்கிற பாடத்தை அந்தக் குடும்பம் மறக்கவில்லை.

அரசே அனுப்பிய பையன்கள்

இந்தப் பாடம் பிரெஞ்சு அரசுக்கு அதற்கும் முன்னாலேயே தெரியும். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1669-இல் ஒரு ஏற்பாடு செய்தார். துருக்கியில் வியாபாரம் செய்யும் பிரெஞ்சுக்காரர்கள் உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்களை நம்பி இருக்க வேண்டியிருந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் யாருக்கு விசுவாசம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பிரெஞ்சுச் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து கான்ஸ்டான்டிநோபிளிலும் ஸ்மிர்னாவிலும் இருந்த கப்புச்சின் மடங்களுக்கு அனுப்பி, அங்கேயே தங்கி மொழி கற்க வைத்தார்கள். 'மொழி இளைஞர்கள்' என்பது அவர்களுக்குப் பெயர். 1795-இல் பாரிசில் கீழை மொழிகளுக்கான தனிப் பள்ளியே வந்துவிட்டது.

அந்தப் பள்ளியில் 1879 முதல் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஜூலியன் வின்சோன். 1843-இல் பாரிசில் பிறந்தாலும் வளர்ந்தது காரைக்காலில். அப்பா அங்கே நீதிபதி. சின்ன வயசிலேயே தமிழ் கேட்டு வளர்ந்த பையன். பிறகு நான்சி நகரில் வனவியல் படித்து, வன அதிகாரியாகி, கடைசியில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் பகுதிகளை 1894-இல் பிரெஞ்சில் வெளியிட்டவரும் இவர்தான். அவருக்குத் தமிழ் முதலில் காரைக்காலில்தான் கிடைத்தது, பாரிஸ் வகுப்பறையில் இல்லை.

எங்க மென்பொருள் தொழில்ல இதைச் சொன்னா உடனே புரியும். ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்டை ஆறு மாசம் படிச்சாலும் விளங்காத விஷயம், ஆன்சைட் போய் கிளையன்ட் பக்கத்துல ரெண்டு வாரம் உக்காந்தா விளங்கிடும். காகிதத்துல எழுதாத பாதி வேலை அங்கேதான் நடக்குது.

எட்டுப் பேர் ஏறிய கப்பல்

அரசாங்க வேலைக்காக இல்லாமல், சாதாரணக் கல்லூரி மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாகவே வெளிநாடு போய் மொழி கற்று, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கும் முறை நூறு வருஷப் பழசுதான். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிர்க்பிரைடு என்ற பேராசிரியர் இருந்தார். முதல் உலகப்போரில் பிரான்சில் இருந்தவர். 1923 ஜூலையில் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்குக் கூட்டிப் போனார். பணத்துக்கு உதவியவர்களில் தொழிலதிபர் பியர் டூபாண்ட் ஒருவர்.

அந்த எட்டுப் பேரும் நேராகப் பாரிஸ் சொர்போன் வகுப்பில் போய் உட்காரவில்லை. கோடைக்காலம் முழுக்க நான்சி நகரில் மொழி மட்டும் படித்தார்கள். அதற்குப் பிறகுதான் பாரிஸ். இன்றைக்கு நாம் பார்க்கிற கோடைக்கால மொழித் திட்டங்களுக்கு இந்த நான்சி கோடை ஒரு முன்னோடி. ஐரோப்பாவில் 1987-இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது முதல் வருஷம் போனவர்கள் 3,244 மாணவர்கள். பிறகு அது லட்சக்கணக்கில் போய்விட்டது.

மொத்தத்தையும் சேர்த்துப் பாத்தா ஒரு விஷயம் தெளிவா இருக்கு. யார் காசு போட்டாங்களோ அவங்களுக்கு என்ன தேவையோ, அதுக்குத்தான் பயணம் நடந்தது. கோல்பேருக்கு வியாபாரம், டெலாவேருக்கு வெளிநாட்டு வேலைக்குத் தயாரான பட்டதாரி, ஐரோப்பாவுக்கு ஒற்றுமை.

இன்றைய கணக்கு

இப்போது நம்ம பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் பிரான்சில் படிக்க வேண்டும் என்று அதிபர் மக்ரோன் இலக்கு சொல்லியிருக்கிறார். இந்தியாவில் உள்ள பிரெஞ்சுத் தூதரகம், 1992-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய ஜார்ஜ் ஷர்பாக் பெயரில் உதவித்தொகை தருகிறது. அதில் குறுகிய கால ஆய்வுப் பயிற்சிக்கும் ஒரு பிரிவு உண்டு. பிரெஞ்சு படித்தவர்கள் அங்கே பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகச் சில மாதங்கள் இருக்கும் திட்டமும் இருக்கிறது. அது கோடையில் இல்லை, பள்ளி நடக்கும் மாதங்களில்.

பயிற்சிக்குப் பிரெஞ்சில் 'ஸ்டாஜ்' என்று பெயர். அங்கே ஸ்டாஜ் என்றால் சும்மா போய் உட்கார முடியாது. மாணவர், கல்லூரி, வேலை தரும் இடம் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேண்டும். பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் சட்டப்படி உதவிப்பணம் கொடுத்தே ஆகவேண்டும். தாண்டாவிட்டால் கட்டாயமில்லை. நம்ம கோடை விடுமுறை எவ்வளவு? பரீட்சை முடிந்து அடுத்த செமஸ்டர் தொடங்கும் வரை ஆறு முதல் எட்டு வாரம். அதாவது கட்டாய உதவிப்பணக் கோட்டுக்குச் சற்றே கீழே. இதோடு ஆகஸ்ட் மாதம் பிரான்சில் பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும். மே கடைசியிலிருந்து ஜூலை வரைதான் உருப்படியான நாட்கள். விண்ணப்பிக்கும் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

இன்னொரு விஷயம். ஆய்வகங்களில் வேலை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். ரெண்டு மாசம் லியோனில் இருந்துவிட்டு, பேக்கரியில் ரொட்டி வாங்குகிற அளவு பிரெஞ்சோடு திரும்பி வருவது ரொம்பச் சுலபம். கிர்க்பிரைடு முதலில் நான்சிக்குக் கூட்டிப்போனதன் அர்த்தம் இங்கேதான் புரிகிறது. மொழியை முதலில் ஓரளவு கையில் எடுத்துக்கிட்டுப் போனவனுக்குத்தான் அந்த ஊர் கதவைத் திறக்கும்.

ஆனா நாம எப்படி எடுத்துக்கிட்டுப் போறோம்? தமிழ்நாட்டில் பிளஸ் டூவிலும், கல்லூரியில் முதல் பகுதி மொழியாகவும் பிரெஞ்சு எடுப்பவர்களில் நிறைய பேர் எதுக்கு எடுக்கறாங்கன்னு ஊருக்கே தெரியும். மார்க் வரும். இலக்கணக் கட்டத்தை நிரப்பினால் போதும், தமிழ்ச் செய்யுள் மனப்பாடம் பண்ண வேண்டாம். மாணவர்களைக் குத்தம் சொல்லிப் பயனில்லை, பரீட்சை அப்படி இருக்கு. ஆனா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வாங்கின பையனுக்கு ஒரு பிரெஞ்சுப் பத்தி படிச்சு அர்த்தம் சொல்ல வரலைன்னா, நயினியப்பருக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்காவது போர்த்துகீசியம் தெரிஞ்சிருந்தது.

நம்ம ஊரைப் பற்றி, நமக்குப் புரியாத மொழியில்

இது ஏன் திருவண்ணாமலைக்காரங்களுக்கு முக்கியம் என்று கேட்பீர்கள். 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அதுவும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து எடுத்த பெரிய வேலைகளில் ஒன்று திருவண்ணாமலை பற்றியது. 1989 முதல் ஒவ்வொன்றாக ஐந்து பாகங்கள் வந்தன. கல்வெட்டுகளைத் தொகுத்தவர் பி.ஆர். சீனிவாசன். அதில் தமிழ் மூலமும் ஆங்கிலமும் இருக்கிறது. மற்றவை பிரெஞ்சு. கோயிலின் தொல்லியல், கட்டட அமைப்பு பற்றி பிரான்சுவாஸ் லெர்னோ, பியர் பிஷார், ஜான் தெலோஷ். கோயிலைச் சுற்றிய சமூக அமைப்பு பற்றி மரி லூயிஸ் ரெனிஷ். பூஜைக்கும் திருவிழாவுக்கும் ஒரு பாகம். கடைசிப் பாகத்தின் பெயரே 'நகரம்'. நம்ம வீதி, நம்ம மக்கள்தொகை, நம்ம ஊர் வளர்ந்த கதை.

தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும் ஊர். அதன் கோயிலைப் பற்றி இவ்வளவு விரிவாக அளந்து, வரைந்து, எழுதிய புத்தகத்தை நம்ம ஊர்க்காரர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? பிரான்சிலிருந்து மாணவர்களும் ஆய்வாளர்களும் வந்து, தமிழ் கற்று, தெருத்தெருவாக நடந்து எழுதிவிட்டுப் போனார்கள். கோல்பேர் போட்ட அதே பாதைதான், நல்ல நோக்கத்தோடு. எதிர்த்திசையில் பாதை போட வேண்டிய வேலை நம்மிடம்தான் இருக்கிறது.

அவர்கள் எழுதியது எல்லாம் சரியாகத்தான் இருக்கணும்னு இல்லை. எந்த வீதியின் பேரை மாத்தி எழுதியிருக்காங்க, எந்தச் சடங்கைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். ஆனா அவங்களுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் நடுநிலையான ஆளாவும் இருக்கணும், நம்ம ஆளாவும் இருக்கணும். மனுவேல் கதையை இன்னொரு தடவை நினைச்சுப் பாருங்க.

அதனால் பிரெஞ்சு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை இதுதான். பிரான்ஸ் வாய்ப்பு வந்தால் விடாதீங்க. ஆனா போறதுக்கு முன்னால ஒரு சனிக்கிழமை காலையில் புதுச்சேரி பஸ் ஏறுங்க. செயின்ட் லூயி வீதியில் இருக்கிற ஆய்வு நிறுவன நூலகத்தில் அனுமதி கேட்டு உள்ளே போய், திருவண்ணாமலை பாகங்களில் ஒன்றை எடுங்க. அகராதியைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு, உங்க தெரு வரும் பக்கத்தைக் கண்டுபிடிச்சுத் தமிழில் எழுதிப் பாருங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. ஸ்டாஜ் விண்ணப்பத்தில் 'ஏன் பிரெஞ்சு படிக்கிறீர்கள்' என்று கேட்டிருப்பான். அன்னைக்கு எழுதின ஒரு பக்கமே அதுக்குப் பதில்.