வங்க மேடையில் அகதிகளின் குரல்

பிறந்த மண்ணை விட்டு வந்தோரின் வரலாற்றை அறிய விழைவோர் முதற்கண் நாடுவது அரசாங்க ஏடுகளையே. எத்தனை பேர் வந்தனர், எங்கே தங்கினர், என்ன உதவி பெற்றனர் என்பனவற்றை அவை கூறும். வந்தவர் எதை இழந்து வந்தார் என்பதை எழுத அவ்வேடுகளில் கட்டமில்லை. பிரிவினைக்குப் பிந்தைய வங்கத்தில் அக்குறையை நிறைக்க முன்வந்தவற்றுள் நாடகம் தலையாயது எனின் மிகையாகாது.

இதற்கு வழி வகுத்தது 1943-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம். அவ்வாண்டில் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றம், பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' என்னும் நாடகத்தை 1944 அக்டோபரில் கல்கத்தாவில் அரங்கேற்றியது. அவ்வரங்கின் பெயர் ஸ்ரீரங்கம் என்பது தமிழர்க்குச் சுவையான செய்தி. பசியால் ஊரை விட்டு நகரத் தெருக்களில் கையேந்தி நின்ற உழவர் குடும்பத்தின் கதை அது. உழவரின் பேச்சு அதன் இயல்பு கெடாமல் மேடையில் ஒலித்தது.

மூன்று ஆண்டுகளுக்குள் நாடு பிரிந்தது. 1950-இன் தொடக்கத்தில் கிழக்கு வங்கத்தில் மூண்ட கலவரங்களுக்குப் பின் மக்கள் வருகை பெருகிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று நேருவும் லியாகத் அலிகானும் உடன்படிக்கை செய்தும் அது ஓயவில்லை. சியால்டா ரயில் நிலைய நடைமேடைகளே பல குடும்பங்களுக்கு வீடாயின. ஜாதவ்பூர்ப் பக்கத்து வெற்று நிலங்களில் குடியிருப்புகள் எழுந்தன. நகரத்தாருள் இரங்கியோரும் உண்டு, சலித்துக்கொண்டோரும் உண்டு.

இந்நிலையில் 1951-இல் மேடையேறியது சலில் சென் எழுதிய 'நதுன் இஹுதி'. 'புதிய யூதர்' என்பது அதன் பொருள். கிழக்கு வங்கக் கிராமத்து ஆசிரியர் குடும்பம் ஒன்று கல்கத்தாவுக்கு வந்து, வறுமையால் சிதைவதை அது காட்டியது.

இந்நாடகத்தின் சிறப்பு கதையில் மட்டும் இல்லை. அதன் மொழியிலும் உண்டு. கிழக்கு வங்கப் பேச்சைக் கல்கத்தா மேடை நெடுங்காலம் நகைச்சுவைக்கே பயன்படுத்தி வந்தது. 1866-இல் தீனபந்து மித்ரா எழுதிய 'சதபார் ஏகாதசி'யிலேயே அவ்வழக்கைக் காணலாம். அதே பேச்சு இப்போது துயரத்தின் மொழியாயிற்று. டாக்கா வட்டாரத்தவரான பானு பந்தோபாத்யாய் இதில் நடித்தார். பிரிவினையால் குடிபெயர்ந்து வந்த சாவித்திரி சட்டோபாத்யாய் என்னும் சிறுமி, அப்பேச்சு அவருக்கு இயல்பாக வந்தமையாலேயே இதில் இடம்பெற்றார். பின்னாளில் வங்கத் திரையுலகின் பெருநடிகையானார். நகைத்துப் பழகிய செவிகள், அதே சொற்களுக்கு உருகக் கற்றுக்கொண்டன. சட்டங்களால் ஆகாத செயல் இது.

நாடு பிரிந்தபோது தம் கிழக்கு வங்க வேரை இழந்த ரித்விக் கட்டக், 'தலில்' என்னும் நாடகத்தில் இத்துயரைக் கூறினார். 1961-இல் வெளிவந்த அவருடைய 'கோமல் காந்தார்' திரைப்படம் ஒரு நாடகக் குழுவின் கதையே. பத்மா நதிக்கரையில் இருப்புப்பாதை அறுந்து நிற்கும் காட்சி அதில் மறக்கவொண்ணாதது.

எனினும், ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. இம்மேடை பெரிதும் எடுத்துரைத்தது கற்ற குடும்பங்களின் துயரையே. முகாம்களில் அடைந்து கிடந்து, 1958-இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின்படி தொலைநிலங்களுக்கு அனுப்பப்பட்டவருள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட குலத்து உழவர். அவர்களுள் ஒரு பகுதியினர் 1978-இல் திரும்பி வந்து, சுந்தரவனத்து மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினர். 1979-இல் வன்முறையோடு வெளியேற்றப்பட்டனர். நகர மேடையில் தம் பேச்சைக் கேட்கச் செய்யும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அகதியின் துயரை அவர்தம் நாவாலேயே கேட்கச் செய்வது நாடகத்தின் பேராற்றல். அம்மேடையில் ஏற இடம் பெறாதவர் யாவர் என வினவுவது, வரலாறு பயில்வோரின் கடமையாகும்.