திரையரங்கு வாசலும் தில்லை வாசலும்

நம் பகுதியின் பழைய திரையரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழு அன்பர்கள் பணித்தார்கள். கடலூரின் கமலமும் கிருஷ்ணாலயாவும், சிதம்பரத்தின் லேனாவும் வடுகநாதனும் மாரியப்பாவும் எந்தத் தெருவில் என்று இம்மலரைப் புரட்டுவோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எதில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கையும் அவர்களே மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இங்கே நான் நிறுவ முற்படுவது ஒன்றே. வருகிறவரின் குலத்தைக் கேளாமல் கையிலுள்ள காசை மட்டும் கேட்ட அரங்கு என்ற வகையில், திரையரங்கின் திறப்பும் மூடலும் ஊரின் சமூக வரலாற்றில் இடம்பெறத் தக்கவை.

அரங்கின் இலக்கணம்

அரங்குக்கு விதி வகுப்பது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் சொல்லும் அளவுகளைப் பாருங்கள். மலைச்சாரலில் வளர்ந்த மூங்கிலில் இருபத்துநான்கு பெருவிரல் அளவுக்கு ஒரு கோல் நறுக்க வேண்டும். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் அளந்து மேடை எழுப்ப வேண்டும். வாயில் இரண்டு, எழினி மூன்று வகை. தூணின் நிழல் இடையூறு செய்யாதபடி விளக்கை நிறுத்த வேண்டும். 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தையும் 1957-இன் விதிகளையும் அடுத்து வைத்துப் படித்தால், அளவிலும் ஒளியிலும் அதே கண்டிப்பைக் காணலாம். இருக்கை வரிசை, நடைவழி, வெளியேறும் கதவு, எந்திர அறை என ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. அன்றைய கார்பன் விளக்கு அப்படிப்பட்டது. இரு கரித்தண்டுகளின் முனைகள் எரிந்து தேயத் தேய, கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து ஆபரேட்டர் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருப்பார். சற்றுக் கவனம் பிசகினால் திரை மங்கும், கொட்டகை முழுவதும் விசில் பறக்கும். 1000 அடி ரீல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த எந்திரம் ஆயத்தமாக நிற்க வேண்டும். ஆனால் இரு இலக்கணங்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மாதவி அரங்கேறியது அரசனின் அவையில். திரையரங்க விதிகளோ எதிரே அமர்பவர் யாரென்று கேட்கவே இல்லை.

நந்தனார் திரைக்கு வந்த காலம்

இதன் பொருளைத் தில்லைவாழ் அன்பர்கள் மற்றவரைவிட நன்கு உணர்வார்கள். சேக்கிழார் பெருமான் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றிய திருத்தொண்டர் புராணத்தில், திருநாளைப்போவார் எனும் நந்தனார் தில்லையின் எல்லைக்கு வந்தும் உள்ளே புகத் தயங்கி வலம் வந்துகொண்டே இருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தத் தயக்கத்தோடு, சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரையும் படைத்துச் சேர்த்தார். பக்தியின் கதை பண்ணையடிமையின் கதையாகவும் விரிந்தது. 1935-இல் ‘பக்த நந்தனார்’ படமாக வந்தபோது கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தார்கள். 1942-இல் ஜெமினி எடுத்த ‘நந்தனா’ரில் எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். அவரே பின்னாளில் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையை அணி செய்தது நமக்குப் பெருமை. சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் வந்ததோ 1947-இல். வாசலில் நிறுத்தப்பட்ட அடியாரின் கதையை, அதே வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் சீட்டு வாங்கி உள்ளே போய்க் காண முடிந்தது; சட்டம் அதற்குப் பின்னரே வந்தது. எல்லாத் தமிழரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு திரையரங்குதான் என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, வாங்கும் சக்தியே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் எழுதியது இதனோடு வைத்து எண்ணத் தக்கது.

மறுப்புகளுக்கு விடை

தரை, பெஞ்ச், நாற்காலி என்று பிரித்ததும் ஏற்றத்தாழ்வுதானே என்பார்கள். உண்மைதான். ஆயினும் தரையில் அமர்ந்தவர் கூடுதலாகச் சில அணா சேர்த்தால் நாற்காலிக்கு மாறலாம். பிறப்பை அப்படி மாற்ற முடியாது. இந்தச் சமத்துவம் எங்கும் முழுமையாக நிலவியது என்றும் நான் வாதிடவில்லை. 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றின் வாசலில், கையில் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பம் தடுக்கப்பட்டது. ஊரெல்லாம் கொதித்தெழுந்ததே, ‘சீட்டு இருந்தால் உள்ளே விட வேண்டும்’ என்ற நியாயம் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதற்குச் சான்று. சினிமா ஏழைகளை மயக்கிக் கெடுத்தது என்பது இன்னொரு மறுப்பு. அதைக் கூர்மையாகச் சொன்னவர் நம் கடலூர் மண்ணின் மைந்தர் ஜெயகாந்தன். ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ அந்தக் குற்றப்பத்திரிகைதான். அவரே ‘உன்னைப்போல் ஒருவ’னைத் திரைக்கு இயக்கித் தந்தார் என்பதையும் மறக்கலாகாது. அவர் சினம் திரையில் ஓடியவற்றின் மேல். சித்தாளும் நுழையக்கூடிய அந்த வாசலின் மேல் அன்று.

தொலைக்காட்சி வந்தது, திரையரங்குகள் மூடின என்ற எளிய விளக்கமும் போதாது. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியது. எண்பதுகளில் வீடியோ தெருவுக்குத் தெரு வந்தது. அதற்குப் பிறகுதான் 1989-இன் ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. கடைத்தெருவை ஒட்டிய பெரிய மனை, கல்யாண மண்டபமாகவோ வணிக வளாகமாகவோ மாறினால் அதிகம் ஈட்டும் என்ற நிலை வந்தபோதே கொட்டகையின் கணக்கு தவறத் தொடங்கியது. டிஜிட்டல் எந்திரச் செலவு அதன்மேல் ஏறியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது, மாநிலமெங்கும் திரையரங்குகள் சில நாள் கதவடைத்தன. 2020 மார்ச் முதல் நவம்பர் வரை நோய்த்தொற்றால் பூட்டியே கிடந்தன. ஒரு பெரிய கொட்டகை சிறு திரைகளாகப் பிரிந்து வாழ்வதும் வாழ்வுதான். ஆனால் மூட்டை தூக்குபவரும் முதலாளியும் ஒரே காட்சியில் ஒன்றாகக் கைதட்டிய அந்த அவை அங்கே கூடுவதில்லை.

இனிச் செய்ய வேண்டியது

திரையரங்கு உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். கடலூர், பழைய தென்னார்க்காட்டின் தலைநகர். எனவே கொட்டகைகளின் வரலாற்றுக்கு அந்த உரிமக் கோப்புகளே முதற்சான்று. அவை கழிவுத்தாளாகப் போகுமுன் தேடிப் படி எடுக்க வேண்டும். சுவரொட்டி, நோட்டீஸ், சீட்டுக் கட்டு, வசூல் ஏடு ஆகியவற்றை வீட்டுப் பரணில் வைத்திருப்போர் மனமுவந்து அளிக்க வேண்டும். ஆபரேட்டர்களின் நினைவுகளைப் பல்கலைக்கழக மாணவர்கள் பதிவு செய்ய வேண்டும். கல்வெட்டுகளைப் படியெடுத்துக் காக்கக் கற்ற நாம் இதையும் செய்ய வல்லவர்களே. இளைஞர்கள் முன்வந்து இப்பணியை ஏற்க வேண்டும். அம்பலவாணன் திருவருள் துணை நிற்கும்.