கண்ணாடித் தகட்டில் நின்ற ஆடல்

நாடகத்தை ஏடு காக்கும். பாட்டை இசைத்தட்டு காக்கும். ஆடலோ ஆடி முடித்த கணமே மறைந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் காக்க முனைந்தது நிழற்படக் கலை.

உருசிய நாட்டுப் பாலே ஆடலைத் தியாகிலெவ் என்பார் 1909இல் பாரிசு நகரில் அரங்கேற்றினார். தம் குழுவின் ஆடலைத் திரைப்படமாக்க அவர் இசையவில்லை. ஆதலின், 1912இல் நிஜின்ஸ்கி ஆடிய புகழ்பெற்ற ஆடலை நாம் உணரப் பெரிதும் உதவுவன, அடால்ஃப் டி மேயர் எடுத்த படங்களே. அவை 1914இல் நூலாக வெளிவந்தன.

அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு மேடை வெளிச்சத்தில் விரைந்த அசைவைப் பற்றும் ஆற்றல் குறைவு. எனவே ஆடுவோர் படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்று, ஒரு நிலையில் மூச்சடக்கி நின்றனர். படத்தில் துள்ளலாகத் தோன்றுவது பெரும்பாலும் அசையாது நின்ற பொறுமையே.

அவ்வாறு படங்களால் உலகறிந்தவர் அன்னா பாவ்லோவா (1881-1931). 1923இல் இலண்டனில் அவர் இராதையாக ஆட, கண்ணனாக ஆடியவர் உதயசங்கர். பாவ்லோவாவின் நட்பால் பாலே பயின்ற ருக்மிணி தேவி, அவர் தூண்டுதலால் நம் சதிரின்பால் திரும்பி, 1935இல் அடையாற்றில் மேடையேறினார். கலாக்ஷேத்திரத்தில் சி. நாச்சியப்பன் எடுத்த படங்கள் அவ்வரலாற்றுக்குச் சான்றாக நிற்கின்றன.

ஆயின், அச்சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மகளிர் நிலை யாது? நூற்றாண்டுத் தொடக்கத்து அஞ்சலட்டைகளில் அவர்தம் உருவம் உண்டு, பெயர் இல்லை. 'நாட்டியப் பெண்' என்ற பொதுச்சொல்லே அடியில் அச்சாகியிருக்கும். நமக்கு அண்மையிலுள்ள சுசீந்திரம் ஆலயத்திலும் ஆடல் மகளிர் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அழைக்க இயலும்?

பிறரைக் குறை கூறுமுன் என் வீட்டையே கூறுகின்றேன். பாறசாலைக்கு அருகேயுள்ள எங்கள் பழைய வீட்டுச் சுவரில், என் பாட்டியார் தம் உடன்பிறந்தாருடன் நிற்கும் படம் ஒன்றுண்டு. 1956இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவினர் எல்லையின் இருபுறமும் வாழ்ந்தனர். போக்குவரத்து மெல்லக் குறைந்தது. இன்று அப்படத்திலுள்ள நால்வரில் இருவர் பெயரைச் சொல்ல எங்கள் வீட்டில் எவருமில்லை.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் அன்பர்களே! உங்கள் வீட்டுப் படங்களை இன்றே எடுத்து, பெரியோரிடம் கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் பின்புறத்தில் தமிழில் எழுதி வையுங்கள். உருவத்தைத் தகடு காக்கும். பெயரை நாமே காத்தல் வேண்டும்.